பிச்சைக்காரனின் இசைநாடகம்: பேர்லெஸ்க் என்னும் பகிடிக் கலை

இலண்டன், பாரிஸ், பேர்லின் போன்ற மாநகரங்களில் அரங்குகள் நிறைந்த வீதிகளால் மாலை வேளைகளில் நடந்து செல்வோர் 'பேர்லெஸ்க்' என்ற சொல்லை விளம்பரங்களிலே கண்டிருப்பர். இறகு விசிறியும் மினுங்கும் உடையுமாக ஒரு நடன மாதின் படம் அதன் அருகே இருக்கும். ஆதலால் இச்சொல் ஆடை களையும் நடனம் ஒன்றையே குறிக்கின்றது என எம்மவர் எண்ணுவதில் வியப்பில்லை. மேலைத்தேயத்தவரிலும் பலர் அவ்வாறே எண்ணுகின்றனர். எனினும் அந்த நடனம் இச்சொல்லோடு கடைசியாக வந்து ஒட்டிக்கொண்ட பொருள். அதற்கு முன்னர் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அது ஒருவகைச் சிரிப்பின் பெயராகவே இருந்தது. பெரியவற்றைச் சிறியவையாகவும் சிறியவற்றைப் பெரியவையாகவும் வேடம் புனைந்து காட்டும் சிரிப்பு அது.

அச்சிரிப்புக்கு அஞ்சி ஓர் அரசாங்கம் சட்டம் இயற்றியது. அதைப் பார்த்துச் சிரித்தவர்களை இன்னோர் அரசாங்கம் விசாரணைக்கு அழைத்தது. அடைக்கலம் தேடி நாடு நாடாக அலைந்த ஒருவர் அதனைத் தம்மோடு காவிச் சென்றார். ஆகவே இச்சொல்லின் வரலாறு ஏதிலிகளாகிய நமக்குப் புறம்பானதன்று.

சொல்லும் பொருளும்

இத்தாலிய மொழியில் 'புர்லா' என்றால் கேலி, பகிடி. அதிலிருந்து 'புர்லெஸ்கோ' பிறந்து, பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பாரிசில் வாழ்ந்தவர் போல் ஸ்கரோன் என்ற கவிஞர். நோயினால் உடல் முடங்கி நாற்காலியிலே வாழ்நாளைக் கழித்தவர். உரோமப் பெருங்கவி வேர்ஜிலின் வீரகாவியத்தை எடுத்து, அதன் தேவர்களையும் வீரர்களையும் சந்தைப் பேச்சிலே பேசவைத்து, 1648ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். பிரான்சு முழுவதும் சிரித்தது. அவரைப் பின்பற்றி எழுதியோர் பலர்.

இவ்வகைப் படைப்புகளைத் திறனாய்வாளர் இரண்டாகப் பகுப்பர். உயர்ந்த பொருளைத் தாழ்ந்த நடையிலே கூறுவது ஒன்று. ஸ்கரோன் செய்தது அதுவே. அற்பப் பொருளை உயர்ந்த காவிய நடையிலே கூறுவது மற்றையது. ஒரு பிரபு ஒரு சீமாட்டியின் கூந்தற் கற்றை ஒன்றைக் கத்தரித்துவிட்ட சிறு சச்சரவை, திரோய் நகரப் போருக்கு நிகராக்கிப் பாடினார் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப். 1712இல் முதலில் வெளியான அப்பாடல் இரண்டாம் வகைக்குச் சிறந்த சான்று.

இக்கலை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டிலே நகையையே முதலில் வைக்கின்றது. நகை பிறக்கும் களன்களுள்ளும் எள்ளலையே முதலில் வைக்கின்றது. வசை கூறும் செய்யுளுக்கு அங்கதம் எனப் பெயரிட்டு, வெளிப்படையாகப் பழிப்பதைச் செம்பொருள் அங்கதம் எனவும், மறைத்துப் பழிப்பதைப் பழிகரப்பு அங்கதம் எனவும் வகுத்தது. பேர்லெஸ்க் இரண்டாவதற்கு அண்மையில் நிற்பது. ஆனால் அதற்கு மேலதிகமாக ஒன்று வேண்டும். அது ஓர் ஆடை. மக்கள் மதிப்போடு அறிந்து வைத்திருக்கும் ஓர் இலக்கிய வடிவத்தை எடுத்து, அதற்குப் பொருந்தாத உடலுக்கு உடுத்திவிட வேண்டும். தலங்களின் தெய்வப் பெருமையைக் கூறும் நூலுக்கு மான்மியம் என்று பெயர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அப்பெயரை எடுத்து, நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழிச் சொத்துரிமையால் சீரழிந்த குடும்பங்களின் கண்ணீரை 'மருமக்கள்வழி மான்மியம்' எனப் பாடினார். தெய்வப் பெருமை பாடும் தலைப்பின் கீழ் வீட்டுச் சண்டை. பேர்லெஸ்க் என்பது அச்சொட்டாக இதுதான்.

தமிழில் இதற்குப் பகடி என்ற சொல் வழங்குகின்றது. ஈழத்துப் பேச்சு வழக்கில் நாம் பகிடி என்போம். இக்கட்டுரையில் நாமும் அவ்வாறே வழங்குவோம்.

இலண்டன், 1728

பகிடி ஏட்டிலிருந்து இறங்கி மேடையேறியபோதுதான் அதன் வலிமை வெளிப்பட்டது. 1728ஆம் ஆண்டு ஜனவரி 29ஆந் திகதி, இலண்டன் லிங்கன்ஸ் இன் பீல்ட்ஸ் அரங்கிலே ஜோன் கே என்பவர் எழுதிய 'பிச்சைக்காரனின் இசைநாடகம்' அரங்கேறியது. அக்காலத்து இலண்டன் சீமான்கள் இத்தாலிய ஒப்பெராவிலே மயங்கிக் கிடந்தனர். பாடுவது புரியாதபோதும் அரசர், அரசியர், தேவதைகள் அழுது பாடுவதைக் கேட்பது நாகரிகமாகக் கருதப்பட்டது. கே அந்த ஒப்பெரா என்னும் பட்டாடையை எடுத்துக் கள்வர்களுக்கு உடுத்தினார்.

நாடகத்தின் கதாநாயகன் மக்ஹீத் என்ற வழிப்பறிக் கொள்ளைக்காரன். பீச்சம் என்பவன் களவுப் பொருள் வாங்கி விற்பவன். தனக்குப் பயன்படும் கள்வர்களைக் காப்பாற்றி, பயன்படாதவர்களைக் காட்டிக்கொடுத்துத் தூக்குக்கு அனுப்பிச் சன்மானம் பெறுபவன். இவ்வாறே தொழில் நடத்தி 1725இல் தூக்கிலிடப்பட்ட ஜொனதன் வைல்ட் என்பவனை இலண்டன் மக்கள் மறந்திருக்கவில்லை. பீச்சத்தின் மகளும் சிறைக்காவலனின் மகளும் மக்ஹீத்துக்காகப் போட்டியிட்டுப் பாடும்போது, ஒப்பெரா மேடையிலே பகைமை பாராட்டிய இரண்டு இத்தாலியப் பாடகிகளை மக்கள் நினைத்துச் சிரித்தனர். பாடல்களோ தெருவிலும் மதுக்கடையிலும் யாவரும் பாடித் திரிந்த மெட்டுகள். ஒப்பெரா மேதை ஹன்டலின் இசையும் ஓரிடத்தில் கள்வர்களின் வாயிலே புகுந்தது.

இதனை எழுதியவனாக மேடையிலே தோன்றுபவன் ஒரு பிச்சைக்காரன். இறுதியில் மக்ஹீத் தூக்குக்குச் செல்லும் வேளையில் நடிகன் ஒருவன் குறுக்கிட்டு, ஒப்பெரா மங்கலமாகவே முடிய வேண்டும் என்கிறான். பிச்சைக்காரனும் இணங்குகிறான். கொள்ளைக்காரன் தப்பிவிடுகிறான். பெரிய மனிதரும் தெருக் கள்வரும் செய்வது ஒரே தொழில், தண்டனை மட்டும் ஏழைகளுக்கு என்பது அந்த மங்கல முடிவுக்குள்ளே பதுங்கியிருந்தது.

முதற் பருவத்திலேயே 62 தடவைகள் மேடையேறியமை அக்காலத்தில் கேள்விப்படாத வெற்றி. ஆசிரியரின் பெயராகிய 'கே' மகிழ்ச்சியையும், அரங்க முகாமையாளரின் பெயராகிய 'றிச்' செல்வத்தையும் குறிப்பன. இந்நாடகம் கேயைச் செல்வராக்கியது, றிச்சை மகிழ்வித்தது என ஊரார் சொல்விளையாடினர். அந்நாளில் நாட்டை ஆண்ட முதலமைச்சர் ரொபேர்ட் வோல்போல், கையூட்டினாலே ஆட்சியை நிலைநிறுத்தினார் என்று பழிக்கப்பட்டவர். மேடையிலே நின்ற பீச்சமும் மக்ஹீத்தும் யாரைச் சுட்டுகின்றனர் என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வோல்போல் தாமே அரங்குக்கு வந்து, தம்மைக் குத்திய பாடலை மீண்டும் பாடுமாறு கேட்டுக் கைதட்டினார் என ஒரு கதை வழங்குகின்றது. கதை மெய்யோ பொய்யோ, அவர் மனத்திலே சிரிப்பு இருக்கவில்லை. அதே ஆண்டு கே எழுதிய அடுத்த நாடகமாகிய 'பொலி' மேடையேறுமுன்னரே தடை செய்யப்பட்டது.

சிரிப்புக்கு ஒரு சட்டம்

கேயின் வழியிலே வந்தவர் ஹென்றி பீல்டிங். 1730இல் அவர் எழுதிய 'ரொம் தம்' நாடகத்தின் வீரநாயகன் கட்டைவிரல் அளவினன். அரக்கர்களை வென்ற அவ்வீரனை இறுதியில் ஒரு பசு விழுங்கிவிடுகின்றது. மறு ஆண்டு அதனை விரிவாக்கி அச்சிட்டபோது, பண்டிதர் ஒருவர் எழுதியன போன்ற போலி அடிக்குறிப்புகளையும் சேர்த்தார். பல்கலைக்கழக விரிவுரைகளிலே காலங் கழித்த நாம் அவ்வடிக்குறிப்புகளைப் படித்துச் சிரிக்கும்போது சிறிது கூச்சமும் அடைவதுண்டு.

பின்னர் பீல்டிங்கின் பகிடி நேரடியாக ஆட்சியாளர் மீது பாய்ந்தது. 1736இலும் 1737இலும் ஹேமார்க்கட் சிற்றரங்கில் அவர் மேடையேற்றிய நாடகங்கள் தேர்தல் இலஞ்சத்தையும் வோல்போலையும் மறைவின்றி எள்ளின. 1737 ஜூன் மாதம் நாடாளுமன்றம் அரங்க அனுமதிச் சட்டத்தை நிறைவேற்றியது. இனி எந்நாடகமும் அரச மாளிகை அதிகாரியான சேம்பர்லேன் பிரபுவின் முன்னனுமதியின்றி மேடையேற முடியாது. பீல்டிங்கின் அரங்கு மூடப்பட்டது. அவர் சட்டம் பயின்று நீதவானானார், நாவல் எழுதினார். ஆங்கில நாவல் இலக்கியத்துக்கு அது பேறு என்பர் சிலர். ஆனால் அந்தத் தணிக்கை எத்தனை காலம் நிலைத்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சனநாயகத்தின் தாயகம் எனப் போற்றப்படும் இங்கிலாந்தில் 1968ஆம் ஆண்டு வரை, 231 ஆண்டுகள், அது நீடித்தது. பகிடியால் நாற்காலி ஆடிவிடும் என்று ஆட்சியாளர் அத்தனை காலம் நம்பினர்.

பொருள் மாறிய கதை

பல்லுப் பிடுங்கப்பட்ட பகிடி அதன் பின்னர் அரசியலை விட்டுப் புராணங்களையும் ஷேக்ஸ்பியரையும் பிடித்துக்கொண்டது. 1831இல் வெஸ்ரிஸ் அம்மையார் இலண்டன் ஒலிம்பிக் அரங்கைப் பொறுப்பேற்று, கிரேக்கத் தேவர்கள் சீட்டாடிச் சச்சரவிடும் இசைப் பகிடிகளை நடத்தினார். பெண்கள் ஆண்வேடம் தரித்தல் இவ்வகை நாடகத்தின் வழக்கமாயிற்று. 1868இல் லிடியா தொம்சன் என்ற ஆங்கில நடிகை தம் குழுவோடு நியூயோர்க் சென்று கிரேக்கப் புராணப் பகிடி ஒன்றை நடத்தினார். கால்களை இறுக்கிய உடையோடு பெண்கள் ஆண்களின் தோரணைகளைப் போலச் செய்து சிரித்தமை பெரும் பரபரப்பாயிற்று. தம்மை இழித்தெழுதிய சிக்காகோப் பத்திரிகை ஆசிரியர் ஒருவரை 1870இல் குதிரைச் சவுக்கினால் அடித்து, அதற்கு அபராதமும் கட்டினார் அவ்வம்மையார்.

அமெரிக்க முதலாளிகள் மக்கள் எதற்காகச் சீட்டு வாங்குகின்றனர் எனக் கணக்கிட்டனர். புராணம் நீங்கியது, கால்கள் எஞ்சின. நகைச்சுவைத் துணுக்குகளுக்கிடையே ஆடை களையும் நடனம் என்பதே 1920களில் பேர்லெஸ்க் என்றாயிற்று. 1937இல் நியூயோர்க் மாநகராட்சி அவ்வரங்குகளின் அனுமதிகளைப் புதுப்பிக்க மறுத்து மூடச் செய்தது. 1990களிலே புத்துயிர் பெற்று இன்று விளம்பரங்களில் நாம் காண்பது அதன் வழித்தோன்றலே. அதனை இழித்துரைப்பது எமது நோக்கமன்று. அதற்குள்ளும் பகிடி இன்னும் சிறிது உயிரோடிருக்கின்றது. எனினும் ஒரு சொல் தன் பற்களை இழந்து இறகுகளை அணிந்துகொண்ட வரலாறு இதுவாகும்.

பிச்சைக்காரனின் மறுபிறப்பு

பற்கள் வேறோரிடத்தில் முளைத்தன. ஜோன் கேயின் நாடகம் தோன்றிச் சரியாக 200 ஆண்டுகளின் பின், 1928 ஆகஸ்ட் 31ஆந் திகதி, பேர்லினில் பேர்ட்டோல்ட் பிரெக்ட் எழுதி, கேர்ட் வைல் இசையமைத்த 'மூன்று காசு இசைநாடகம்' அரங்கேறியது. கேயின் நாடகத்தை எலிசபெத் ஹவுப்ட்மன் என்ற பெண் எழுத்தாளர் ஜேர்மன் மொழிக்குப் பெயர்த்துக் கொடுத்திருந்தார். இங்கே பீச்சம் பிச்சைக்காரர்களுக்குப் புண்ணும் கட்டும் கந்தலும் வாடகைக்கு விட்டுக் கம்பனி நடத்துகின்றான். பொலிஸ் அதிபர் கொள்ளைக்காரனின் உயிர்த்தோழர். இறுதியில் அரசியின் தூதன் குதிரையேறி வந்து தூக்குக்கயிற்றை நிறுத்துகின்றான்.

நாடகம் பெருவெற்றி பெற்றது. ஆனால் அவ்வெற்றியிலே ஒரு பாடமும் உண்டு. யாரை எள்ள எழுதப்பட்டதோ அந்தச் செல்வந்தரே முன்வரிசையில் இருந்து இரசித்துச் சிரித்து, பாடல்களை முணுமுணுத்தபடி வீடு சென்றனர். ஐந்து ஆண்டுகளுக்குள் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1933 பெப்ரவரி 27ஆந் திகதி ஜேர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாள் பிரெக்ட் நாட்டை விட்டு வெளியேறினார். அடுத்த மாதம் வைலும் பாரிசுக்குத் தப்பிச் சென்றார். சிரிப்பு ஒரு சர்வாதிகாரியை வீழ்த்தவில்லை. இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

எனினும் கதை அத்துடன் முடியவில்லை. டென்மார்க், சுவீடன் என அலைந்து, 1941இல் பின்லாந்திலே அமெரிக்க விசாவுக்காகக் காத்திருந்த நாட்களில் பிரெக்ட் மீண்டும் பகிடியைக் கையிலெடுத்தார். 'ஆர்த்துரோ உய்' என்ற அந்நாடகத்திலே ஹிட்லர், சிக்காகோவில் பூக்கோவா வியாபாரிகளை மிரட்டிப் பணம் பறிக்கும் ஒரு சண்டியன். ஆனால் அச்சண்டியன் பேசுவது ஷேக்ஸ்பியரின் அரசர்கள் பேசும் செய்யுள் நடை. கம்பீரமாக நிற்கவும் நடக்கவும் பேசவும் ஒரு பழைய நடிகனை அமர்த்திப் பாடம் கேட்கின்றான். வரலாற்றின் மாபெரும் கொலையாளியைப் பார்த்து நடுங்குவோருக்கு, அந்தப் பெருமை கற்றுக்கொண்ட நடிப்பு, இரவல் வாங்கிய ஆடை எனப் பிரெக்ட் காட்டினார். அவர் வாழ்நாளில் அது மேடையேறவில்லை. 1956இல் அவர் மறைந்தார். 1958இலேதான் அது அரங்கேறியது. விசாவுக்குக் காத்திருக்கும் நாட்களின் கனத்தை இப்பத்திரிகையின் வாசகருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்நாட்களிலும் ஒருவர் சிரிப்பை உழைத்து உருவாக்கினார் என்பதையே குறித்துச் செல்கின்றோம்.

பிச்சைக்காரன் பின்னர் செக்கோசிலோவாக்கியாவிலே தோன்றினான். நாடகங்கள் தடை செய்யப்பட்டிருந்த வாக்ளாவ் ஹாவெல், கேயின் கதையைத் தம் போக்கில் திருப்பி எழுதினார். அதிலே எல்லோரும் எல்லோரையும் காட்டிக்கொடுக்கின்றனர். யார் கள்வன், யார் பொலிசின் ஆள் என எவருக்குமே தெரியாது. 1975 நவம்பர் முதலாந் திகதி பிராக் நகரின் ஓரத்திலுள்ள ஹோர்னி பொச்செர்னிட்சே என்ற ஊரில், ஓர் உணவகத்தின் மண்டபத்திலே நண்பர்கள் அதனை ஒரேயொரு தடவை நடித்தனர். அதன்பின் நடித்தவர்களும் பார்த்தவர்களும் விசாரிக்கப்பட்டனர். பலர் தொல்லைப்படுத்தப்பட்டனர். அந்நாடகாசிரியர் 1989 டிசம்பரில் அந்நாட்டின் சனாதிபதியானார்.

1977இல் நைஜீரிய எழுத்தாளர் வோலே சொயிங்கா இதே கதையை ஆபிரிக்காவுக்குக் கொண்டு சென்றார். அவ்வாண்டு மத்திய ஆபிரிக்காவிலே பொக்காசா என்பவர் நெப்போலியனைப் போல உடை தரித்துத் தம்மைப் பேரரசராக முடிசூட்டிக்கொண்டார். சொயிங்காவின் 'ஒப்பெரா வொன்யோசி' அம்முடிசூட்டு விழாவைப் பின்னணியாகக் கொண்டது. ஆயினும் அவர் அங்கே மேடையேற்றிய கள்வரும் ஏமாற்றுக்காரரும் வேறெவருமல்லர். புலம்பெயர்ந்து வாழும் அவருடைய சொந்த நைஜீரியரே. தம் மக்களையே எள்ள அவர் தயங்கவில்லை.

பகிடியும் பகிடிவதையும்

இனி நமக்குரிய கேள்விக்கு வருவோம். பகிடி எல்லாமே நன்மை பயப்பதா? அன்று. 1843இல் நியூயோர்க்கிலே வெள்ளையர் சிலர் முகத்திலே கரி பூசி, அடிமைகளாக வாழ்ந்த கறுப்பின மக்களின் பேச்சையும் நடையையும் போலச் செய்து பாடினர். 'மின்ஸ்ட்ரெல்' எனப்பட்ட அவ்வரங்கு அமெரிக்காவை ஆட்கொண்டது. பிரித்தானியாவிலோ பி.பி.சி. தொலைக்காட்சி 1958 முதல் 1978 வரை அவ்வாறு கரி பூசிய பாடகர்களின் நிகழ்ச்சியைக் குடும்பப் பொழுதுபோக்காக ஒளிபரப்பியது. இங்கும் போலச் செய்தல் உண்டு, ஆடை மாற்றம் உண்டு, சிரிப்பும் உண்டு. ஆனால் விலங்கு பூட்டப்பட்டவனின் ஆடையை விலங்கு பூட்டியவன் உடுத்திக்கொண்டு சிரிக்கின்றான்.

ஈழத்துத் தமிழ் இவ்வேறுபாட்டுக்கு ஒரு சொல்லை வைத்திருக்கின்றது. பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வரும் மாணவரை மூத்தோர் படுத்தும் பாட்டினைப் பகிடிவதை என்கின்றோம். மேல்நோக்கி எறியப்படுவது பகிடி. கீழே நிற்பவன் தலையிலே போடப்படும்போது அது வதையாகின்றது. கேயும் பிரெக்ட்டும் ஹாவெலும் எறிந்தது மேல்நோக்கி. கரி பூசியவர்கள் எறிந்தது கீழ்நோக்கி.

1998இல் பி.பி.சி. தொலைக்காட்சிக்கு வந்த 'குட்னெஸ் கிரேஷஸ் மீ' நிகழ்ச்சியைப் பிரித்தானியாவில் வாழும் வாசகர் சிலர் நினைவுகூர்வர். குடித்துவிட்டு இந்திய உணவகத்துக்குள் நுழைந்து பரிமாறுபவரைக் கேலி செய்யும் ஆங்கிலேய இளைஞர்களின் வழக்கத்தை, தென்னாசிய நடிகர்கள் அப்படியே தலைகீழாக்கினர். பம்பாயிலே இந்தியர் கூட்டமொன்று ஆங்கில உணவகத்துக்குள் நுழைந்து, இருப்பவற்றுள் மிகவும் சப்பென்ற உணவைக் கொண்டுவா எனக் கூச்சலிடுகின்றது. வந்தேறியவரின் பிள்ளைகள் ஊராரின் ஆடையை உடுத்தி ஊராருக்கே காட்டினர். ஊராரும் சிரித்தனர், சிலர் சற்றே நாணினர்.

நமது கலைமாலைகளிலும் நகைச்சுவை நாடகங்கள் நடக்கின்றன. அவற்றிலே பெரும்பாலும் நகைக்கப்படுபவர் யார்? நேற்று வந்திறங்கிய, மொழி தெரியாத, பனியிலே வழுக்கி விழும் அப்பாவி. அல்லது பேரப்பிள்ளையின் மொழி விளங்காது விழிக்கும் அப்பாச்சி. இவர்கள் மீது நமக்கு அன்பு உண்டு என்பது மெய்யே. ஆயினும் கீழே நிற்பவரைப் பார்த்து மட்டுமே சிரிக்கும் சமூகத்தின் சிரிப்பு நாளடைவில் வதையாகிப் போகும். பகிடிக்கு ஏற்ற பட்டாடைகள் நம்மிடையே வேறு உள. அகதி விண்ணப்பத்தை நிராகரிக்கும் கடிதத்தின் வேதமொழி போன்ற நடை ஓர் ஆடை. சங்கத் தலைவரின் தலைமையுரை ஓர் ஆடை. வாழ்த்துரை, ஆசியுரை, நன்றியுரை எனக் கூட்டம் கலையும்வரை நீளும் நிரல் ஓர் ஆடை. தேசத்தின் பெயராலும் இனத்தின் பெயராலும் எவரும் கேள்வி கேட்கலாகாது என உயர்த்திப் பேசும் குரலும் ஓர் ஆடைதான்.

பகிடி எவரையும் பதவியிலிருந்து இறக்கிவிடாது என்பதை 1933 காட்டியது. அது செய்வது வேறொன்று. மேலே நிற்பவரின் உயரம் உடலினதா, உடையினதா எனப் பார்ப்பவரை ஒருகணம் எண்ண வைக்கின்றது. அந்த எண்ணத்தையே வோல்போல் அஞ்சினார், பிராக் நகரப் பொலிசார் அஞ்சினர். அதனை அஞ்சாத ஆட்சியும் அமைப்பும் தம்மைக் குறித்து உறுதி கொண்டவை என நாம் மதிக்கலாம்.

நமது மேடைகளிலே ஆண்டுதோறும் பொன்னாடைகள் போர்த்தப்படுகின்றன. அவற்றுள் ஒன்றைப் போர்த்திக்கொண்டு ஒரு நாள் ஒரு பிச்சைக்காரன் மேடையேறித் தலைமையுரை நிகழ்த்தினால், முன்வரிசையில் அமர்ந்திருப்போர் சிரிப்பார்களா, மண்டபத்தின் மின்விளக்கை அணைக்கச் சொல்வார்களா? அதற்கு நாம் சொல்லப்போகும் விடையிலே, நாம் எத்தகைய நாட்டைக் கனவு காண்கின்றோம் என்பதும் அடங்கியிருக்கின்றது.